வில்லுக்கு எட்டு சீசன், லூயிஸுக்கு ஆறு எபிசோடு: ஆண்களின் நட்பு சிட்காமில் ஏன் தடுமாறுகிறது?

2012 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘பார்ட்னர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. சிறுவயது முதல் பழகிய இரண்டு நண்பர்கள். ஒன்றாகக் கட்டட வடிவமைப்புத் தொழில் செய்பவர்கள். லூயிஸ் தன்பாலீர்ப்பு கொண்டவன். ஜோ பெண்ணைக் காதலிப்பவன். தொடரை உருவாக்கியவர்கள் டேவிட் கோஹன், மேக்ஸ் மட்ச்னிக். முதல் எபிசோடை இயக்கியவர் ஜேம்ஸ் பரோஸ். 1998இல் என்பிசி தொலைக்காட்சிக்கு ‘வில் அண்ட் கிரேஸ்’ என்ற மாபெரும் வெற்றித் தொடரைத் தந்த அதே மூவர். ஆயினும் நவம்பர் நடுவில், ஆறே ஆறு எபிசோடுகள் ஒளிபரப்பான நிலையில், ‘பார்ட்னர்ஸ்’ நிறுத்தப்பட்டது.

பார்த்தவர்கள் குறைவு, விமர்சனங்கள் மோசம் என்பது இதற்குச் சுலபமான பதில். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தப் பதில் பாதி வழிதான் வருகிறது. தன்பாலீர்ப்பு ஆணும் ஒரு பெண்ணும் நண்பர்கள் என்றால் எட்டு சீசன் ஓடுகிறது. நண்பர் இருவரும் ஆண்கள், அவர்களில் ஒருவர் மட்டும் தன்பாலீர்ப்பினர் என்றால் வாரக்கணக்கில் முடிந்துபோகிறது. 2001இலேயே சிபிஎஸ் இன்னொரு தொடரில் இப்படிக் கையைச் சுட்டுக்கொண்டது. சமூகத்தின் வெறுப்பே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. அதிபர் ஒபாமா தன்பாலினத் திருமணத்தை வெளிப்படையாக ஆதரித்த ஆண்டு 2012. பழியில் பெரும்பங்கு சிட்காம் என்ற வடிவத்துக்கே சேரும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அடிப்படைகள்

சிட்காம் என்பது சூழ்நிலை நகைச்சுவைத் தொடர். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 22 நிமிடங்கள் அளவில் ஓடும். அதே மனிதர்கள், அதே வரவேற்பறை அல்லது அலுவலகம் அல்லது மதுக்கூடம். ஒவ்வொரு வாரமும் ஒரு சிக்கல் முளைக்கும், முடிவதற்குள் தீரும், அடுத்த வாரம் எல்லோரும் பழைய இடத்திலேயே நிற்பார்கள். ஆகவே இதை எழுதுபவருக்கு ஒரு கதை போதாது. கதைகளைச் சளைக்காமல் ஈன்றுகொண்டே இருக்கும் ஓர் உறவு வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது.

1. படமாக்கும் முறை. அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து, பல கேமராக்களுடன் நாடகம்போல் எடுப்பது பழைய முறை. அவர்களின் சிரிப்பொலியும் சேர்ந்தே பதிவாகும். ஒற்றைக் கேமராவில், சிரிப்பொலி இல்லாமல், திரைப்படம்போல் எடுப்பது மற்றொன்று. முதல் வகையில் நொடிக்கு நொடி சிரிப்பு விழவேண்டும். விழாவிட்டால் அரங்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

2. பணம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற இலவச ஒளிபரப்பு நிறுவனங்கள் விளம்பரத்தில் பிழைப்பவை. வழக்கமாக முதலில் 13 எபிசோடுகள் கேட்பார்கள். எடுபட்டால் 22 வரை நீளும். 100 எபிசோடுகளை நெருங்கினால்தான் மறுஒளிபரப்பு உரிமையை விற்று உண்மையான லாபம் பார்க்க முடியும் என்பது பல பத்தாண்டுகளாக அத்துறையின் கணக்கு. ஆறு எபிசோடு என்பது அந்தக் கணக்கில் முழு நட்டம்.

3. சொற்கள். தன் பாலினத்தவர் மீதே காதலும் ஈர்ப்பும் கொள்வது தன்பாலீர்ப்பு; எதிர்ப்பாலினத்தவர் மீது என்றால் எதிர்பாலீர்ப்பு. தன்பாலீர்ப்பு கொண்டவர் அதை மற்றவர்களிடம் அறிவிப்பதை ‘வெளிப்படுத்திக்கொள்ளுதல்’ என்கிறோம். சிட்காம் எழுத்தாளர்கள் மிக அதிகமாகக் கையாண்ட சம்பவம் இந்த அறிவிப்புதான்.

ஒரு வாரத்து விருந்தாளி

இந்த நட்பு அமெரிக்க சிட்காமுக்குள் முதலில் விருந்தாளியாகத்தான் வந்தது. 1971 ஜனவரியில் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’, சிபிஎஸ்ஸுக்காக நார்மன் லியர் உருவாக்கிய தொடர். அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர் வாய் நிறைய வெறுப்பைக் கொட்டும் உழைப்பாளி. ஐந்தாவது எபிசோடு அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று ஒளிபரப்பானது. மருமகன் மைக்கின் மெலிந்த, நளினமான நண்பன் ஒருவன் வீட்டுக்கு வருகிறான். ஆர்ச்சி அவனைக் கேலி செய்கிறார். ஆனால் அவன் தன்பாலீர்ப்பு கொண்டவன் இல்லை. ஆர்ச்சி மதுக்கூடத்தில் தினம் சந்தித்துப் பெருமையோடு தோள்தட்டும் ஸ்டீவ், முன்னாள் கால்பந்து வீரர், மலைபோன்ற ஆள்; அவர்தான் தன்பாலீர்ப்பினர். இருவரும் மேசையில் முழங்கை ஊன்றிக் கைமல்யுத்தம் போடும்போது ஸ்டீவ் தன் வாயாலேயே அதை ஒப்புக்கொள்கிறார். ஆர்ச்சி நம்ப மறுக்கிறார்.

இந்த எபிசோடுக்கு எதிர்பாராத ஒரு விமர்சகர் இருந்தார். அதிபர் ரிச்சர்ட் நிக்சன், 1971 மே மாதம் தன் உதவியாளர்கள் ஹால்டமன், எர்லிக்மன் ஆகியோரிடம் இந்தத் தொடரைப் பற்றிப் பொரிந்து தள்ளியது வெள்ளை மாளிகையின் ரகசிய ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. தன்பாலீர்ப்பைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பது அவர் புகார். பேச்சு அங்கிருந்து கிரேக்கத்தின் வீழ்ச்சி, ரோமின் வீழ்ச்சி என்று போகிறது. ஒரு நாட்டின் அதிபர் நாகரிகங்களின் அழிவைப் பற்றி யோசிக்க, மதுக்கூட மேசையில் இரண்டு முழங்கைகள் போதுமானதாக இருந்தன.

அடுத்த மைல்கல் என்பிசியின் ‘சியர்ஸ்’. 1983 ஜனவரி 27 அன்று வந்த எபிசோடில், மதுக்கூட உரிமையாளரும் முன்னாள் பேஸ்பால் வீரருமான சாமின் பழைய சக ஆட்டக்காரர் தான் தன்பாலீர்ப்பினர் என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறார். உண்மை வாழ்க்கையில் பேஸ்பால் வீரர் கிளென் பர்க் தன்னைப் பற்றி 1982இல் பகிரங்கமாக அறிவித்திருந்தார். சாம் முதலில் தடுமாறுகிறார், பிறகு நண்பனின் பக்கம் நிற்கிறார். அவர் மனம் மாறுவது பாதியிலேயே நடந்துவிடுவதுதான் இந்த எபிசோடின் சாமர்த்தியம். மீதிப் பாதி, கடைக்கு வழக்கமாக வரும் குடிமக்களின் பீதி. நார்ம் தலைமையில் அவர்கள் சந்தேகத்துக்குரிய மூன்று அந்நியர்களைத் தந்திரமாக வெளியேற்றிவிட்டு வெற்றி முழக்கம் செய்கிறார்கள். அந்த நேரத்தில், நார்முக்கு இருபுறமும் நின்றிருந்த இருவர் ஆளுக்கொரு கன்னத்தில் முத்தமிடுகிறார்கள். திரையில் ஒருபோதும் முகம் காட்டாத மனைவி வேராவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நார்ம், இது அவளுடையதைவிட மேல் என்கிறார். கேலி அஞ்சுபவன் மேல் விழுகிறதே தவிர, அஞ்சப்படுபவன் மேல் விழவில்லை. இதையும் இயக்கியவர் ஜேம்ஸ் பரோஸ்.

1994 அக்டோபரில் ‘ஃப்ரேசியர்’ அதே வித்தையை இன்னும் நுட்பமாகச் செய்தது. வானொலி நிலையத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் டாமை வீட்டு விருந்துக்கு அழைக்கிறார், அங்கே மனநல நிகழ்ச்சி நடத்தும் ஃப்ரேசியர். வீட்டில் பணிபுரியும் டாஃப்னிக்கு ஜோடி சேர்ப்பது எண்ணம். டாமோ, தன்னைத்தான் ஃப்ரேசியர் விரும்புகிறார் என்று நம்பி மகிழ்ச்சியாக வருகிறார். ஊரார் மனதையெல்லாம் அலசும் மனநல மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனம் தெரியவில்லை. மிக நேர்த்தியான 22 நிமிடங்கள். அடுத்த வாரம் டாம் இல்லை.

அதுதான் விஷயம். ஸ்டீவ், சாமின் நண்பர், டாம் மூவரின் கதையும் ஒரு வாரத்தோடு முடிந்துவிடுகிறது. மூன்று கதைகளுக்கும் எரிபொருள் ஒன்றே: தெரியாதிருந்தது தெரியவருதல். எரிந்து முடிந்தபின் அதையே மறுபடி பற்றவைக்க முடியாது.

பெண் இருந்தால் ஏன் எளிது?

‘வில் அண்ட் கிரேஸ்’ 1998 செப்டம்பரில் தொடங்கியபோது அதன் கையிருப்பில் வேறு எரிபொருள் இருந்தது. நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், ஒரு உள்ளலங்காரக் கலைஞர். ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில். தொலைக்காட்சி பிறந்த காலத்திலிருந்து சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் ஆண்–பெண் ஜோடியைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது அந்நியமே இல்லை. இவர்கள் சண்டையிடும் விதம் கணவன் மனைவியுடையது. கட்டில் மட்டும் கணக்கில் இல்லை. கிடைக்கவே கிடைக்காத திருமணம் என்ற தீராத சிக்கல் உறவின் மையத்திலேயே இருக்கிறது. இது சிட்காமுக்குக் கிடைத்த புதையல்.

இதன் தாக்கம் பெரிது. 2012 மே மாதம் துணை அதிபர் ஜோ பைடன், அமெரிக்க மக்களின் பார்வையை மாற்றியதில் இந்தத் தொடருக்குள்ள பங்கை ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பெயர் சொல்லிப் பாராட்டினார். ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. வில்லின் நெருங்கிய ஆண் நண்பன் ஜாக், அவனும் தன்பாலீர்ப்பு கொண்டவன். எதிர்பாலீர்ப்பு ஆண்கள் இந்தத் தொடருக்குள் வருவது பெரும்பாலும் கிரேஸின் காதலர்களாக. வில்லுக்கு அப்படிப்பட்ட ஓர் உயிர்த்தோழன் நான்கு முதன்மைப் பாத்திரங்களில் கிடையாது. உருவாக்கிய இருவரில் மட்ச்னிக் தன்பாலீர்ப்பினர், கோஹன் எதிர்பாலீர்ப்பினர், பள்ளிக்காலத்திலிருந்து நண்பர்கள். தங்கள் நட்பையே ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அவர்கள் இந்தத் தொடரை எழுதினார்கள்.

இரண்டு ஆண்களை நடுவில் நிறுத்தியபோது

2001 பிப்ரவரியில் சிபிஎஸ் தொடங்கிய ‘சம் ஆஃப் மை பெஸ்ட் ஃபிரண்ட்ஸ்’, 1997இல் வந்த ‘கிஸ் மீ, கீடோ’ என்ற சிறிய திரைப்படத்தை ஒட்டியது. படத்தின் ஆரம்பம் இது: நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பீட்சா கடையில் வேலை செய்யும் ஃப்ராங்கிக்கு நடிகனாகும் ஆசை. கிரீன்விச் வில்லேஜில் அறைத்துணை தேவை என்ற விளம்பரத்தில் ஜிடபிள்யூஎம் என்று மூன்றெழுத்து. தன்பாலீர்ப்பு கொண்ட வெள்ளை ஆண் என்பதைக் குறிக்கும் சுருக்கம் அது. ஃப்ராங்கியோ ‘கை வித் மணி’, அதாவது ‘கையில் காசுள்ள ஆள்’ என்று விரித்துக்கொண்டு மூட்டை கட்டுகிறான். தொடரில் தன்பாலீர்ப்பு எழுத்தாளர் வாரனாக ஜேசன் பேட்மனும், ஃப்ராங்கியாக டேனி நுச்சியும் நடித்தார்கள். எழுத்துக்குப் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் மார்க் செர்ரி. இவரே பின்னாளில் ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ தந்தவர். திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஏப்ரலுக்குள் தொடர் போய்விட்டது.

பதினொரு ஆண்டு கழித்து வந்த ‘பார்ட்னர்ஸ்’ அறியாமையை அகற்றிவிட்டுத் தொடங்கியது. ஜோவுக்கு லூயிஸைப் பற்றி எல்லாம் தெரியும்; பிரச்சினை, ஜோ திருமணம் செய்துகொள்ளப்போகிறான் என்பது. சொல்லக்கூடாததைச் சொல்லிக் குழப்பம் விளைவிப்பது லூயிஸின் வேலை. மைக்கேல் யூரி, டேவிட் க்ரம்ஹோல்ட்ஸ் இருவருமே தேர்ந்த நடிகர்கள். இருந்தும் ஏன் நிற்கவில்லை? என் கணிப்பில் காரணங்கள் இவை.

1. ஒற்றைச் சுரங்கம். ‘இவர்கள் ஜோடியோ?’ என்று ஊர் மயங்குவது இந்த அமைப்பில் முதலில் கிடைக்கும் சிரிப்பு. என்பிசியின் ‘சைன்ஃபெல்ட்’ 1993 பிப்ரவரியில் இதைத் தோண்டி ஒரே எபிசோடில் தீர்த்துவிட்டது. ஜெர்ரியும் ஜார்ஜும் தங்களை ஜோடி என்று எழுதப்போகும் மாணவ நிருபரிடம் பதறிப்பதறி மறுக்கிறார்கள். ஒவ்வொரு மறுப்புக்குப் பின்னாலும் ‘அதில் தவறொன்றும் இல்லை’ என்று ஒட்டிக்கொள்கிறார்கள். தங்கள் தாராள மனதுக்கும் பதற்றத்துக்கும் நடுவே மாட்டித் தவிக்கும் அந்த இருவரைவிடச் சிறப்பாக இதை யாரும் செய்துவிட முடியாது. தொடர் முழுவதையும் இதன் மேல் கட்டினால் மூன்றாவது வாரமே பாறை தட்டுப்படும்.

2. பங்கீடு. நடுவில் இருவர் மட்டுமே என்றால் ஒருவர் ஒழுங்கு, மற்றவர் தாறுமாறு என்று பிரிப்பது சிட்காமின் பழைய இலக்கணம். இங்கே அந்தப் பிரிவினை பாலீர்ப்பின் கோட்டிலேயே விழுந்துவிடுகிறது. படபடப்பு, அலங்காரம், வாயாடித்தனம் எல்லாம் லூயிஸுக்கு, நிதானம் ஜோவுக்கு. இருவரின் குணத்தை எழுதவேண்டிய இடத்தில் இரண்டு வகைமாதிரிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2012இல் அது பார்வையாளர்களுக்கு ஏற்கெனவே பார்த்த சரக்கு.

3. நட்பைக் காட்டுவதில் கூச்சம். இதுதான் ஆழமானது என்று நினைக்கிறேன். வில்லும் கிரேஸும் கட்டிப்பிடிக்கலாம், அழலாம், ஒரே போர்வையில் தூங்கலாம்; அரங்கம் நெகிழும். இரண்டு ஆண்கள் அதே நெருக்கத்தைக் காட்டினால், எழுத்தாளரே பயந்துபோய் அடுத்த வரியில் ஒரு நகைச்சுவையைத் திணிக்கிறார். நெகிழ்ச்சி சேரவே விடுவதில்லை. எதிர்பாலீர்ப்பு ஆண்கள் இருவரின் தோழமையிலும் இந்தப் பதற்றம் உண்டு. ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரில் ஜோயியும் சாண்ட்லரும் கட்டிக்கொண்ட மறுகணம் சிரிப்பு வரவழைக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உண்மையிலேயே தன்பாலீர்ப்பு கொண்டவர் என்னும்போது அது இரட்டிப்பாகிறது.

ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘பார்ட்னர்ஸ்’ தொடரை ஆறு எபிசோடில் நிறுத்திய அதே சிபிஎஸ், 2014 இலையுதிர்காலத்தில் ‘டூ அண்ட் எ ஹாஃப் மென்’ தொடரின் கடைசி சீசனை ஒளிபரப்பியது. அதன் கதை: பெண்கள் மீது மட்டுமே நாட்டம் கொண்ட இரண்டு ஆண்கள், ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதற்காகத் தன்பாலீர்ப்பு ஜோடியாக நடித்துத் திருமணம் செய்துகொள்கிறார்கள். நடிப்புக்கு ஒரு முழு சீசன் இடம் கிடைத்தது.

விளம்பரதாரரின் நிழல்

பணத்தின் பங்கையும் ஒதுக்க முடியாது. 1989இல் ஏபிசியின் ‘தர்ட்டிசம்திங்’ என்ற குடும்பத் தொடரில் இரண்டு ஆண்கள் ஒரே படுக்கையில் பேசிக்கொண்டிருக்கும் காட்சி வந்ததற்கே விளம்பரதாரர்கள் விலகி, நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பு. விளம்பரமே இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. பிலடெல்பியாவில் நடக்கும் ‘பிரதர்ஸ்’ தொடரில் மூன்று சகோதரர்களில் இளையவன் தன் திருமண நாளன்று உண்மையைச் சொல்கிறான். மூத்தவர் இருவரும், அவனுடைய தன்பாலீர்ப்பு நண்பன் டொனால்டும் ஒருவரையொருவர் சகித்து, பிறகு விரும்பப் பழகுவதே கதை. என்பிசியும் ஏபிசியும் மறுத்த இதை, சந்தாப் பணத்தில் நடக்கும் ஷோடைம் 1984இல் எடுத்துக்கொண்டது. 115 எபிசோடுகள் ஓடியது. இதில் நடுநாயகம் இருவர் அல்ல, நால்வர் என்பதையும் கவனிக்க வேண்டும். நிலைத்த வெற்றிகள் வந்தது அந்தத் திசையிலிருந்துதான்.

கூட்டத்தில் கரைத்தபோது

ஏபிசியில் 1996 முதல் 2002 வரை ஓடிய ‘ஸ்பின் சிட்டி’, நியூயார்க் மேயரின் அலுவலகத்தில் நடப்பது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நாயகன். ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் ஓரத்து நாற்காலிக்காரர்கள்: மைக்கேல் போட்மன் நடித்த கார்ட்டர், ஆலன் ரக் நடித்த ஸ்டூவர்ட். கார்ட்டர் தன்பாலீர்ப்பு கொண்ட கறுப்பினச் செயற்பாட்டாளர். ஒழுங்கானவர், கூர்மையானவர், கொள்கையில் கறார். ஸ்டூவர்ட் பெண்களைப் பற்றி வாய் கூசாமல் பேசும் அலுவலக அசிங்கம். இந்த இருவரும் ஒரே வீட்டில் குடியேறி நண்பர்களாகிறார்கள். பிரிவினைக் கோடு இங்கே பாலீர்ப்பின் மேல் விழவில்லை: ஒருவர் நாகரிகமானவர், மற்றவர் நாகரிகமற்றவர். கதை எழுத நூறு வாசல்கள் திறக்கின்றன. இது அரங்கப் பார்வையாளர் முன் எடுத்த தொடர் என்பதால், குற்றம் படமாக்கும் முறையில் இல்லை என்பதும் தெளிவு.

2011இல் ஏபிசியில் வந்த ‘ஹேப்பி எண்டிங்ஸ்’ தொடரில் சிகாகோ நண்பர்கள் அறுவர். அதில் மேக்ஸ் சோம்பேறி. குளிப்பதில் அக்கறையில்லை, வேலை நிலையில்லை. அறைத்தோழன் டேவுக்கும் அவனுக்கும் சண்டை என்றால் அது வாடகையைப் பற்றியோ வீட்டு நாற்றத்தைப் பற்றியோதான் இருக்கும். லூயிஸிடம் குவித்த பொறுப்புகள் எதுவும் மேக்ஸின் தலையில் இல்லை. மூன்று சீசன், 57 எபிசோடுகள்; பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ‘பார்ட்னர்ஸ்’ வந்துபோன காலத்தில் இதுவும் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

பிறகு 2013இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘புரூக்ளின் நைன்–நைன்’. ஆண்ட்ரே ப்ராவர் நடித்த காவல் தலைமை அதிகாரி ஹோல்ட், ஆண்டி சாம்பெர்க் நடித்த துப்பறிவாளர் ஜேக். தன்னைப் பற்றிய உண்மையை ஹோல்ட் முதல் எபிசோடிலேயே, ரயில் நேரம் அறிவிப்பவர்போல ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லி முடித்துவிடுகிறார். இவ்வளவு காலம் பதவி உயர்வு கிடைக்காததற்குக் காரணம் அதுதான் என்கிறார். கெட்டிக்காரத் துப்பறிவாளர் ஜேக் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சிரிப்பு அவர் மேல். ‘ஃப்ரேசியர்’ 22 நிமிடம் எடுத்துக்கொண்ட வெடியை இவர்கள் முதல் நாளே கொளுத்தி முடித்துவிட்டு, எட்டு சீசனின் மீதி முழுவதையும் வேறொன்றுக்குச் செலவிட்டார்கள்: விளையாட்டுத்தனமான மகனும் கல்முகத் தந்தையும் போன்ற ஓர் உறவு. 2018 மே மாதம் ஃபாக்ஸ் கைவிட்டபோது மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. 2021 வரை, 153 எபிசோடுகள்.

இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. கூட்டத்தில் ஒருவராக இருப்பவரின் சொந்தக் காதலுக்கு ஒதுக்கப்படும் நிமிடங்கள் சொற்பம். கார்ட்டரின் காதலர்கள் வந்துபோனவர்களே. ஹோல்டின் கணவர், கிரேக்க–ரோமானியச் செவ்வியல் துறைப் பேராசிரியர் கெவின், நிரந்தர நடிகர் பட்டியலில் இல்லை, தேவைப்படும்போது வருபவர். நட்பைப் பிழைக்கவைக்க, தன்பாலீர்ப்பு ஆணின் இல்லற வாழ்க்கையை ஓரத்துக்குத் தள்ளவேண்டியிருந்தது.

ஆனாலும் ஐந்தாவது சீசனில் ஓர் எபிசோடு இந்த ஒதுக்கீட்டைத் தலைகீழாக்கியது. ஹோல்டைப் பழிவாங்கக் கிளம்பிய ரவுடியிடமிருந்து கெவினைக் காப்பாற்ற, ஜேக் அவருடன் ஒரு மறைவிடத்தில் வாரக்கணக்கில் அடைந்துகிடக்கிறார். வெளியே போகக்கூடாது, போன் கூடாது. பேராசிரியருக்கு நூலகம் வேண்டும்; ஜேக்கிடம் இருப்பதோ நிக்கோலஸ் கேஜ் நடித்த படங்களின் குவியல். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள், பிறகு சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். ஹோல்டோ பாதுகாப்பு விதிகளை நாளுக்கு நாள் இறுக்கி இருவரின் பொறுமையையும் சோதிக்கிறார். பெண்ணைக் காதலிக்கும் ஓர் ஆணும் ஆணை மணந்த ஓர் ஆணும் ஒரே வீட்டில் பூட்டிவைக்கப்பட்ட கதை. சண்டை முழுவதும் நூலகத்தையும் கேஜ் படங்களையும் விதிகளையும் பற்றியே நடக்கிறது.